ரோமாபுரியில் அத்தை பிடித்த நிரை

என் கல்யாணப் பந்தியில் மாப்பிள்ளையை எழுப்பிவிட்டவர் எங்கள் அத்தை. முதல் பந்தி, உடப்புசல்லாவையிலிருந்து வந்த சனத்துக்கு என்று பேச்சு. அவர்களுக்குக் கடைசி பஸ் போய்விடும். பாவம், என் வீட்டுக்காரருக்கு அது தெரியாது. பசி தாங்காமல் கூட்டாளிகளோடு வந்து இலை முன்னால் உட்கார்ந்துவிட்டார். அத்தை நேரே போய் முன்னால் நின்றார்.

"தம்பி, இது பஸ்ஸுக்குப் போற ஆளுங்களோட பந்தி. நீங்க அடுத்ததுல வாங்க."

"அத்தை, அவருதான் மாப்பிள்ளை" என்று யாரோ சொன்னார்கள்.

"தெரியுது. மாலை போட்டிருக்காருல்ல. மாப்பிள்ளைக்கு பஸ்ஸு இருக்கா?"

என் வீட்டுக்காரர் மாலையோடு எழுந்துபோய் அடுத்த பந்திக்கு நின்றார். இன்றைக்கும் அத்தை பேச்சை எடுத்தால் அவர் நாற்காலியில் கொஞ்சம் நெளிவார்.

அத்தையைப் புரிந்துகொள்ள ஒரு சொல் தெரிந்தால் போதும். அது நிரை. தேயிலை மலையில் காலையில் கொழுந்து பறிக்கப் போகிற ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒரு செடி வரிசையைக் காட்டிவிடுவார்கள். அதுதான் அவள் நிரை. அடுத்தவள் நிரையில் கை வைக்கக் கூடாது. தன் நிரையைப் பாதியில் விட்டு இறங்கவும் கூடாது. எல்லாரும் இந்தச் சட்டத்தை மலையிலேயே விட்டுவிட்டு வீட்டுக்கு வருவார்கள். அத்தை மட்டும் அதைக் கூடவே கொண்டுவந்து கோயில், கூப்பன் கடை, ஆஸ்பத்திரி என்று போகிற இடமெல்லாம் நட்டுவைப்பார்.

எங்கள் தோட்டம் நோட்டன் பிரிட்ஜ் போகிற ரோட்டில். அத்தை என் அப்பாவின் தங்கை. லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டில், எங்களுக்கு இரண்டு காம்பரா தள்ளி இருந்தார். நான் படித்து ஹட்டனில் ஆசிரியை ஆனேன். அத்தை கொழுந்துக் கூடையோடு மலையில் இருந்தார். எங்கள் சின்னக் கோயிலில் பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசை நின்றுகொண்டிருந்த ஒரு பெரிய வெள்ளிக்கிழமை, ஸ்டோர் ஆபீசர் வீட்டு அம்மா அவசரமாக முன்னால் நுழையப் பார்த்தார். அத்தை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு சொன்னது கோயில் முழுக்கக் கேட்டது.

"பாவம் எல்லாருக்குந்தான் இருக்கு. வரிசையில வாங்க."

உள்ளே கூண்டுக்குள் இருந்த ஃபாதர் சிரித்த சத்தமும் கேட்டது.

சிரிக்க முடியாத கதையும் ஒன்று உண்டு. ஒருநாள் மலையில் குளவி கலைந்து வந்தது. கூடையைப் போட்டுவிட்டு எல்லாப் பெண்களும் ரோட்டுக்கு ஓடினார்கள். அத்தை ஓடவில்லை. இடுப்பில் கட்டியிருந்த படங்கை அவிழ்த்துத் தலையில் போர்த்திக்கொண்டு தன் நிரையிலேயே குப்புறப் படுத்துவிட்டார். பதினைந்து இடத்தில் கொட்டியிருந்தது. முகம் பூசணிக்காய் மாதிரி ஆகிவிட்டது. லொறியில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்போது, "ஏன் ஓடல?" என்று மாமா அழாத குறையாகக் கேட்டார். "கண்டாக்கு எறங்கச் சொல்லலியே" என்றாராம் அத்தை. கண்டாக்கு என்றால் மலையில் வேலையைப் பார்க்கிற உத்தியோகத்தர். அவர்தான் முதல் ஆளாக ஓடியவர். எனக்கு அத்தைமேல் அன்றைக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. உயிரைவிட இந்தச் செடி வரிசை பெரிசா என்று ஆஸ்பத்திரிக் கட்டிலருகில் நின்று கத்தினேன். அவர் வீங்கிய கண்ணைத் திறக்க முடியாமல், "கத்தாத, பக்கத்துக் கட்டில்ல ஆளு தூங்குது" என்றார்.

அத்தைக்கு ஒரே மகள், ரீட்டா. தொண்ணூறுகளின் நடுவில் வீட்டு வேலைக்கென்று குவைத்துக்குப் போனாள். அந்த வீட்டுக்காரர்கள் ரோமாபுரிக்கு வந்தபோது கூட வந்தவள், அங்கேயே தங்கிவிட்டாள். கையில் சரியான காகிதம் கிடையாது. ஊருக்கு வந்தால் திரும்பிப் போக முடியாது. அப்படியே ஏழு வருஷம் ஓடிவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஹட்டன் கொமியூனிகேஷன் கடையில் போனுக்கு முன்னால் அத்தை உட்கார்ந்திருப்பார். அங்கேயும் வரிசை பார்த்துத்தான்.

அத்தை மனதில் ஒரு முடிவு இருந்தது. மகளை நேரில் பார்த்து, "போதும், வந்துரு" என்று சொல்லிவிட வேண்டும். "போன்ல சொன்னா ம்முன்னு சொல்லிட்டு வச்சிர்றா. மூஞ்சியப் பாத்துச் சொன்னா வருவா" என்பார். மாமாவுக்கு நெஞ்சு வலி வந்துபோன பிறகு அந்த முடிவு இன்னும் இறுகிவிட்டது.

அப்போதுதான் எங்கள் கோயில் பங்கிலிருந்து ரோமாபுரிக்கு யாத்திரை என்று அறிவித்தார்கள். முப்பது பேர். அத்தைக்கு டிக்கெட்டை ரீட்டாவே போட்டாள். இங்கிலீஸ் தெரிந்த ஆள் வேண்டும் என்று ஃபாதர் என்னையும் சேர்த்துக்கொண்டார்.

ஃபாதர் யாழ்ப்பாணத்தவர். புறப்படுவதற்கு முந்தின ஞாயிறு, பூசை முடிந்ததும் எல்லாரையும் உட்காரவைத்து நிகழ்ச்சி நிரலை வாசித்தார். தங்குவது நகரத்துக்கு வெளியே ஒரு கன்னியர் மடம். ஒவ்வொரு நாளும் கோயில், கோயில், கோயில்தான். கடைசி நாள் காலையில் மட்டும் வேறு ஒன்று.

"காலமை ஒன்பதரைக்கு, பழைய ரோமாபுரி இடிபாடுகள் பாக்கிறது. கண்டக்டட் டூர். ஒரு மணித்தியாலம்தான். ஒருத்தரும் பிந்தக் கூடாது, சரியே?"

அத்தை என் பக்கம் சாய்ந்தார். "என்னாடி, அங்கயும் கண்டாக்கு இருக்காரா?"

எனக்கு எங்கிருந்து அந்தக் குறும்பு வந்ததோ தெரியவில்லை. "இருக்காரு அத்தை. அவர் சொல்றபடிதான் நடக்கணும். அவர் விட்டாத்தான் எறங்கலாம்" என்றேன். அத்தை தலையாட்டிக்கொண்டார். பின்வரிசையில் இருந்தவர்களும் தலையாட்டினார்கள். அந்த வாரம் முடிவதற்குள், ரோமாபுரியில் கண்டாக்கு நம்மை மலைக்குக் கூட்டிப்போகிறார் என்ற செய்தி மேல் டிவிசன் வரைக்கும் போய்விட்டது.

ரீட்டா ஒரு கிழவியைப் பார்த்துக்கொள்கிற வேலையில் இருந்தாள். தொண்ணூறு வயசு, படுத்த படுக்கை. விட்டுவிட்டு வெளியே போக முடியாது. மருந்து கட்ட ஒரு நர்ஸ் வருகிற நேரத்தில் மட்டும் கொஞ்சம் வெளியே வரலாம். எங்கள் நிரலையும் அவள் நேரத்தையும் போனில் வைத்துப் பார்த்தால், பொருந்தியது அந்தக் கடைசி நாள் இடிபாடுகள் மட்டுந்தான். "பத்து மணிக்கு, வளைவுகிட்ட நிக்கிறேம்மா. பெரிய கல்லு வளைவு. யாரக் கேட்டாலும் காட்டுவாங்க" என்றாள் ரீட்டா. அத்தை அதை நூறு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

கட்டுநாயக்கா விமான நிலையத்தில் வரிசை நெடுக நீண்டது. கோட் போட்ட ஒரு சிங்களக் கனவான் பக்கவாட்டில் நுழையப் பார்த்தார். "மாத்தயா, போலிமே எண்ட" என்றார் அத்தை. வரிசையில் வாங்கள் ஐயா என்று அவ்வளவு மரியாதையாக அவரிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். மனுசன் பின்னால் போய் நின்றார்.

கோயில் கோயிலாகப் பார்த்த நாட்களை விட்டுவிடுகிறேன். கடைசி நாள் காலை பஸ் எங்களை அந்தப் பெரிய வட்ட அரங்கத்துக்கு முன்னால் இறக்கிவிட்டது. வழிகாட்டி ஒரு பெண். நெட்டையாக, கறுப்புக் கண்ணாடியும், மடித்த மஞ்சள் குடையுமாக நின்றாள். குடையை உயர்த்திப் பிடித்து, தன்னைப் பின்தொடரச் சொன்னாள்.

அத்தை அவளை மேலும் கீழும் பார்த்தார். "கையில கொடை இருக்கு. விசில் மட்டுந்தான் இல்ல."

அவ்வளவுதான். யாரும் சொல்லாமலே முப்பது பேரும் பெரட்டுக்கு நிற்கிற மாதிரி ஒருவர் பின் ஒருவராக நின்றார்கள். பெரட்டு என்றால் தோட்டத்தில் விடியற்காலையில் ஆள் கணக்கெடுப்பது. வழிகாட்டி திரும்பிப் பார்த்து ஒரு நிமிஷம் பேச்சை மறந்துவிட்டாள். இப்படி ஒரு கூட்டம் அவளுக்கு வாய்த்திருக்காது. அத்தை ஐந்தாவது ஆள். அவருக்குப் பின்னால் நான்.

வழிகாட்டி சொல்லச் சொல்ல நான் தமிழில் சொல்லிக்கொண்டே போனேன். அரங்கத்தின் வாசல் வளைவுகளின் தலையில் எண் செதுக்கியிருந்தது. யார் எந்த வாசலால் போக வேண்டும் என்று அந்தக் காலத்திலேயே சீட்டில் எழுதிக் கொடுப்பார்களாம். அத்தை இதைக் கேட்டு நெகிழ்ந்துபோனார். "பாத்தியா? அப்பவே வரிசை தெரிஞ்ச சனம்." உள்ளே மனுசரையும் மிருகத்தையும் மோதவிட்டுக் கொன்ற கதையை நான் சொன்னபோது, அது அவ்வளவாக அவர் காதில் ஏறவில்லை.

அரங்கத்துக்குப் பக்கத்திலேயே ஒரு பெரிய கல் வளைவு நின்றது. கம்பி வேலி போட்டிருந்தார்கள். அத்தை என் கையைப் பிடித்தார். விரல் சில்லென்றிருந்தது.

"இதானா?"

"இதாத்தான் இருக்கும்."

மணி பத்தாக இன்னும் பத்து நிமிஷம். ரீட்டாவைக் காணோம். அதற்குள் மஞ்சள் குடை கிளம்பிவிட்டது. கல் பாவிய ரோட்டில் மேட்டை நோக்கி வரிசை நகர்ந்தது.

"அத்தை, நம்ம ரெண்டு பேரும் இங்கயே நிப்போம். அவ வந்துருவா. ஃபாதர்கிட்ட நான் சொல்றேன்."

"வேணாம் வேணாம். நட."

"ரீட்டா வர்ற நேரம் அத்தை!"

"கொடை போகுதுல்ல, நட" என்று வரிசையோடு நடந்தே விட்டார். நானும் பல்லைக் கடித்துக்கொண்டு பின்னால் போனேன்.

மேட்டில் ஏறினால் அங்கே இன்னொரு வளைவு! ஒரு ராசா ஒரு வளைவு கட்டினால் அடுத்த ராசா சும்மா இருப்பானா? அங்கேயும் ரீட்டா இல்லை. சரிவில் இறங்கிக் கீழே போனோம். இரண்டு பக்கமும் கூரையில்லாத சுவர், ஒற்றைத் தூண், விழுந்த கல். "தீப்புடிச்ச லயமாட்டம் கெடக்கு" என்றார் முன்னால் போன ஒரு அண்ணன். ஓரிடத்தில் வழிகாட்டி நின்றாள். அணையாத நெருப்பைக் காவல் காத்த பெண்கள் அங்கேதான் இருந்தார்களாம். சின்ன வயசில் வந்து முப்பது வருஷம் அந்தத் தீயைப் பார்த்துக்கொள்ள வேண்டுமாம்.

"முப்பது வருசம், ஒரே நிரையில?" என்றார் அத்தை. முகத்தில் அவ்வளவு மரியாதை. வேறு நேரமாக இருந்தால் நான் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன். என் கண் கடிகாரத்தில் இருந்தது. பத்து பத்து.

கோடியில் போனபோது மூன்றாவது வளைவு நின்றது. அதற்குப் பக்கத்திலும் ரீட்டா இல்லை. வழிகாட்டி குடையை ஊன்றிக்கொண்டு விளக்கத் தொடங்கினாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அந்தப் பிள்ளை முதல் வளைவில் நின்று தவித்துக்கொண்டிருப்பாள். நர்ஸ் போகும் நேரம் ஆகிவிடும். ஏழு வருஷத்துக்குப் பிறகு கிடைத்த ஒரு மணி நேரத்தை என் வாய்க்கொழுப்பால் நாசமாக்கிவிட்டேனே!

"அத்தை, மன்னிச்சிருங்க. அது கண்டாக்கு இல்ல. அது சும்மா எடம் காட்டுற பொண்ணு. நான் பகிடிக்குச் சொன்னேன். நீங்க யாரையும் கேக்க வேணாம். வாங்க, ஓடுவோம்."

அத்தை என்னைப் பார்த்தார்.

"தெரியும்டி. கண்டாக்கு கண்ணாடி போட்டுக்கிட்டு இப்படிச் சிரிச்சுக்கிட்டா நிக்கும்?"

"தெரியுமா? அப்ப ஏன் அந்த வளைவுல நிக்கல?"

அத்தை சேலைத் தலைப்பை விரலில் சுற்றினார், அவிழ்த்தார்.

"பயமா இருந்துச்சுடி. ஏழு வருசம். மூஞ்சி மாறியிருக்கும். வந்து நின்னு, இவ யாருன்னு நான் முழிச்சேன்னா? அவ என்னயப் பாத்து முழிச்சான்னா? வரிசையில நின்னா முன்னால ஒரு முதுகு இருக்கும். அதப் பாத்துக்கிட்டே போயிரலாம்."

குளவிக் கதை நினைவுக்கு வந்தது. படங்குக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு படுத்திருந்தவரைத் தைரியசாலி என்றுதான் தோட்டமே சொல்லிக்கொண்டிருந்தது. எனக்கு அப்போதுதான் புத்தி வந்தது.

"மணி பத்தே கால் அத்தை" என்றேன்.

அத்தை சுற்றுமுற்றும் பார்த்தார். பக்கத்தில் ஏறக் கூடாது என்று படம் போட்ட ஒரு கல் கிடந்தது. அதில் ஏறினார். நான் வாங்கிக்கொடுத்த கன்வஸ் சப்பாத்து, அதற்கு மேல் கோயில் சேலை. இரண்டு கையையும் வாயில் குவித்தார். எதிர் மலையில் இருக்கிற ஆளைப் பள்ளத்துக்கு மேலாகக் கூப்பிடுவோமே, அந்தக் கூப்பாடு.

"ஏ... ரீட்டாஆஆஆ... ஊ!"

ரோமாபுரியில் ரீட்டாக்களுக்குப் பஞ்சமா? ஐஸ்கிரீம் தின்றுகொண்டிருந்த ஒரு குண்டம்மா திரும்பினாள். தூணைப் படம் பிடித்துக்கொண்டிருந்த ஒரு பெண் திரும்பினாள். காவற்காரன் ஒருவன் விசில் ஊதிக்கொண்டு வந்தான். ஃபாதர் தலையில் கை வைத்துக்கொண்டு, "ஐயோ, இறங்குங்கோ, பொலிசு வரப்போகுது!" என்றார். அத்தை இறங்கவில்லை. மறுபடி மூச்சைப் பிடித்துக்கொண்டு கூப்பிட்டார்.

மேட்டிலிருந்து, இரண்டாவது வளைவுப் பக்கமிருந்து பதில் வந்தது.

"ஓஓய்... அம்மாஆஆ! இந்தா வாரேன்!"

அவளும் வளைவு வளைவாகத் தேடித் திரிந்திருக்கிறாள். காகிதமில்லாத பிள்ளை, ஏழு வருஷமாகத் தெருவில் உரக்கப் பேசிக்கூட இருக்க மாட்டாள். அன்றைக்கு அத்தனை பேர் மத்தியில் தொண்டை கிழியக் கத்தினாள்.

அத்தை கல்லிலிருந்து குதித்தார். வரிசையை விட்டார், குடையை விட்டார், என்னை விட்டார். காவற்காரனைச் சுற்றிக்கொண்டு மேட்டில் ஓடினார். காலமெல்லாம் சரிவில் ஏறிய கால். ஹட்டன் டவுனில் சாக்குக்கட்டி பிடித்த என்னால் அவர் கூடவே ஓட முடியவில்லை. நான் மூச்சு வாங்கிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது இரண்டு பேரும் கல் ரோட்டின் நடுவில் நின்றுகொண்டிருந்தார்கள். ரீட்டா ஜீன்ஸ் போட்டிருந்தாள். முடியைக் கழுத்தோடு வெட்டியிருந்தாள். அத்தை அவள் தாடையைப் பிடித்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தார். பிறகு முதுகில் ஓர் அடி வைத்தார்.

"முடிய என்னாடி பண்ணுன?"

"கெழவி இழுக்குதும்மா" என்றாள் ரீட்டா. சொல்லிவிட்டு அம்மாவைக் கட்டிக்கொண்டாள். நான் தள்ளிப்போய் ஒரு தூணில் இருந்த எழுத்தைப் படித்துக்கொண்டிருந்தேன். அத்தை பையிலிருந்து மிளகாய் இடித்த கட்டச் சம்பல் போத்தலை எடுத்துக் கொடுத்தார். ரீட்டா அங்கேயே மூடியைத் திறந்து விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். கண்ணில் தண்ணீர் கொட்டியது. "ஒறைக்குது" என்றாள். மறுபடியும் தொட்டு வைத்தாள்.

மொத்தம் பன்னிரண்டு நிமிஷம். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அதன் பிறகு ரீட்டா பஸ் நிற்கிற பக்கம் ஓடினாள், திரும்பித் திரும்பிக் கையாட்டிக்கொண்டு. அத்தை அவள் தலை மறைகிற வரைக்கும் நின்றார்.

எங்கள் பஸ்ஸுக்குப் பக்கத்தில் வழிகாட்டி முப்பது பேரையும் எண்ணிக்கொண்டிருந்தாள். அத்தை அவள் முன்னால் போய், கூந்தலை ஒதுக்கிக்கொண்டு நின்றார்.

"அம்மா, பாதியில எறங்கிட்டேன். அரைப்பேரே போடுங்க."

பாதி நாளில் மலையை விட்டு இறங்கினால் தோட்டத்தில் அரைப்பேர்தான், அரை நாள் சம்பளம். அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். இதை எந்த இங்கிலீஸில் சொல்வது? அரை வேலைதான் செய்ததாக வருத்தம் தெரிவிக்கிறார் என்றேன். அவளுக்கு எவ்வளவு விளங்கியதோ, கண்ணாடியைக் கழற்றிவிட்டு அத்தையை இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டாள். அத்தை வெலவெலத்துப்போனார். பஸ்ஸில் ஏறும்போது, "மலையில ஒரு கண்டாக்கும் இப்படிச் செஞ்சதில்ல" என்று என் காதில் சொன்னார்.

பஸ் கிளம்பியது. நான் அடக்கமாட்டாமல் கேட்டுவிட்டேன்.

"வரச் சொல்லிட்டீங்களா?"

"இல்ல."

"ஏன் அத்தை? அதுக்குத்தான வந்தீங்க?"

"பத்தே முக்காலுக்கு அந்தக் கெழவிக்கு மருந்து குடுக்கணுமாம். என்னயக் கட்டிப் புடிச்சுக்கிட்டே என் முதுகுக்குப் பின்னால கடியாரத்தப் பாக்குறா. எனக்குத் தெரியாதுன்னு நெனைச்சா." அத்தை மூக்கை உறிஞ்சினார். "முடி மாறிருச்சு, பேச்சு மாறிருச்சு, உடுப்பு மாறிருச்சு. கடியாரத்தப் பாத்தா பாரு, அப்பதான் எம் மகள்னு எனக்கு உறுதியாச்சு. நான் பெத்தது. நிரைய விட்டுட்டு எறங்குடீன்னு நான் எந்த வாயால சொல்லுவேன்?"

சொல்லி முடித்ததும் அத்தை அழ ஆரம்பித்தார். விம்மலெல்லாம் இல்லை. வாய்விட்டு, பெரிய சத்தமாக. அவர் அழுது அதுவரை நான் பார்த்ததில்லை. பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. ஃபாதர் எழுந்து நின்று ஜெபமாலையைத் தொடங்கினார். எல்லாருமாகச் சேர்ந்து உரக்கச் சொன்னால் அழுகை வெளியே கேட்காது என்று நினைத்தாராக்கும். முதல் பத்து மணியை ஃபாதர் சொன்னார், இரண்டாவதை நான் சொன்னேன். மூன்றாவது அத்தை முறை.

ஃபாதர் அவரைப் பார்த்துவிட்டு, "பரவாயில்லை அம்மா, வேற ஆக்கள் சொல்லட்டும்" என்றார்.

பின்னால் இருந்த ஒரு பெண் தொடங்கப்போனாள். அத்தை கையை உயர்த்தி அவளை நிறுத்தினார். முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு, பத்தையும் சொன்னார். இடையிடையே அழுகை வந்து நின்றபோது நாங்கள் காத்திருந்தோம்.